ஷெர்லொக் ஹோம்ஸ் மாத்தளையில் இறங்கினாரா?

ஆங்கிலக் கதாசிரியர் ஆர்தர் கொனன் டொயில் 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கதையின் தொடக்கத்தில், துப்பறியும் நிபுணர் ஷெர்லொக் ஹோம்ஸ் ஈடுபட்ட வழக்குகள் சிலவற்றை அவருடைய நண்பர் டொக்டர் வட்சன் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று திருகோணமலையில் நடந்தது. அட்கின்சன் என்னும் பெயருடைய சகோதரர்களைப் பற்றியது. அவ்வளவுதான் செய்தி. அந்தச் சகோதரர்களுக்கு என்ன நேர்ந்தது, ஹோம்ஸ் அதை எவ்வாறு துலக்கினார் என்பவற்றைக் கொனன் டொயில் பின்னர் எந்தக் கதையிலும் எழுதினாரில்லை.

வேறு ஊர்களில் வாழும் வாசகர் இந்த இடத்தை ஒரு நொடியில் கடந்து போய்விடுவர். மாத்தளை நகரிலே திருகோணமலை வீதியோரத்தில் குடியிருக்கும் ஒருவர், அதுவும் ஹோம்ஸ் தொலைக்காட்சித் தொடருக்கு மனத்தைப் பறிகொடுத்த ஒருவர், அவ்வாறு கடந்து போவது எளிதன்று. அத்தகைய குடும்பத் தலைவர் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். மிளகும் கராம்பும் ஏலமும் வாங்கி விற்கும் கடையொன்றில் கணக்கெழுதுபவர், ஐம்பதைக் கடந்தவர், மனைவி, ஒரு மகன், ஒரு மகள், முதிய தாயார் ஆகியோருடன் வாழ்பவர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை 1880இல் வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். திருகோணமலைக்கு அந்நாளில் புகைவண்டி இல்லை என்பதும் தெரியும். ஆகவே கொழும்பிலிருந்து புறப்பட்ட ஹோம்ஸ், பாதை முடிகின்ற மாத்தளை நிலையத்தில் இறங்கி, ஒரு வாய் தேநீர் அருந்திவிட்டு, தம்புள்ளை வழியாக மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோதான் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான முடிவு. "கப்பலிலேயே திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கியிருக்கக் கூடாதோ?" என்று மனைவி கேட்டுவிட்டால், அன்றிரவு சாப்பாட்டு வேளை முடியும்வரை அவர் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

பிறவாத ஒரு மனிதர், எழுதப்படாத ஒரு கதையில், எந்த நிலையத்தில் இறங்கினார் என்று கணக்கிடுவதே இந்தப் பித்தின் முதல் அறிகுறி எனலாம்.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் பிறந்தது. பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து அதன் அலைகள் நாடெங்கும் பரவின. பெட்டி உள்ள வீட்டிலே அயலவர் கூடியிருந்து பார்த்த காலம் அது. ஹோம்ஸ் கதைகளை இங்கிலாந்தின் கிரனடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை 41 படங்களாகத் தயாரித்தது. ஹோம்சாக நடித்தவர் ஜெரமி பிரெட். இன்று செய்மதித் தட்டும் கைத்தொலைபேசியும் உள்ள வீட்டில் எந்தத் தொடரையும் எந்த இரவிலும் எத்தனை முறையும் பார்க்கலாம். பித்தர்களுக்கு இது பெருவசதி. வாரத்துக்கு ஒருமுறை என்றிருந்தபோது ஆறு நாளாவது வீடு வீடாக இருந்தது.

இனி ஏனைய அறிகுறிகள். தொடர் ஓடும் நேரத்தில் வாசற்கதவு தட்டப்பட்டால் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர், எவரும் எழமாட்டார். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வரும்போது, "எங்கோ ஏதோ எரிகிறது, கவனித்தாயா?" என்று மகனிடம் துப்பறியும் குரலில் கேட்பாரே தவிர, குடும்பத் தலைவர் அடுப்பை அணைக்கப் போகமாட்டார். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை நீண்டதை நாடு மறந்திராது. அப்பொழுது எரிவாயு இல்லை, பால்மா இல்லை என்று ஊர் தவித்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டிலோ, கொலையாளி யார் என்பது தெரிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில் விளக்கு அணைந்துவிட்டதே பெருங்குறையாகப் பேசப்பட்டது. முன்பே மும்முறை பார்த்த கதை அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வருவோரின் பாதரட்சைகளைப் பார்ப்பது மற்றோர் அறிகுறி. விருந்தினர் முகத்தைப் பார்த்து "வாருங்கள்" என்று சொல்லுமுன், கண் அவர்தம் செருப்பில் ஒட்டிய மண்ணுக்குப் போய்விடும். மாத்தளை மாவட்டம் இதற்கு வாய்ப்பான இடந்தான். தெற்கே ஈரம் மிகுந்த மலைச்சரிவு; வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கத்தின் வறண்ட சமவெளி. ஏலம் உலர்த்தும் கையில் ஒரு மணம், கராம்பு கிள்ளிய கையில் வேறொரு மணம். கொழுந்து பறித்த விரல் நுனியில் படியும் கறையை ஒரு நாள் சவர்க்காரத்தில் கழுவிப் போக்கிவிட முடியாது. மசாலைக் கடையில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தவர், சாக்கைத் திறக்குமுன்னரே மிளகு நன்கு காய்ந்ததா அன்றா என்று சொல்லிவிடுவார். ஹோம்சிடம் பாடங்கேளாத காலத்திலும் அவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தொடரைப் பார்த்த பின்னர்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பதாக அவருக்குத் தெரிய வந்தது.

ஒருநாள் உக்குவளையிலிருந்து மைத்துனர் வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி, தலை முதல் கால்வரை நோக்கி, "அத்தான், நீங்கள் இன்று பஸ்ஸில் வரவில்லை. மயிர் பின்னோக்கிக் கலைந்திருக்கிறது. வலது காற்சட்டைக் காலின் உட்புறத்தில் எண்ணெய்க் கறை. யாரோ ஒருவர் உங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருக்கிறார்" என்றார் குடும்பத் தலைவர்.

மைத்துனர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று போன மாதமே உங்களிடம் சொன்னேனே! இங்கேதானே நிறுத்தியிருக்கிறேன்" என்றார். அது வாசலில், இருவருக்கும் மூன்று முழத் தொலைவில் நின்றுகொண்டிருந்தது.

ஹோம்ஸ் கதைகளில் தமிழருக்கு உரிய பொருளும் உண்டு. முதற்கதையான 1887ஆம் ஆண்டின் நூலிலேயே, கொலையாளி திருச்சிராப்பள்ளிச் சுருட்டுப் பிடிப்பவன் என்று சாம்பலைக் கொண்டே ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சி நூலே எழுதியிருந்தாராம். உறையூர்ச் சுருட்டின் புகழ் அந்நாளில் இலண்டன்வரை எட்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. ஆனால் இந்தச் செய்தியை அறிந்த நாள் முதல், அடுத்த வீட்டில் இருக்கும் முதியவர் சுருட்டுச் சாம்பலைத் தட்டுவதற்குச் சிரட்டையை எடுக்குமுன், கணக்கர் ஒரு கடதாசித் துண்டை நீட்டிக்கொண்டு நிற்பதைத்தான் அந்த முதியவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த முதியவர் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்துக் கங்காணியாக ஓய்வு பெற்றவர். ஒரு மாலை அவரையும் அழைத்து உட்காரவைத்து, பாம்பினால் கொலை நிகழும் புகழ்பெற்ற கதையைக் காட்டினர். பாம்பு காற்றுத்துளை வழியாக நுழைந்து, மணிக்கயிற்றைப் பற்றி இறங்கி, படுக்கையில் இருப்பவரைத் தீண்டிவிட்டு, எசமானின் சீழ்க்கைக்குத் திரும்பி வந்து, கிண்ணத்துப் பாலைக் குடிக்கிறது. வீட்டார் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தனர். முதியவர் மட்டும் சிரித்தார்.

"ஐயா, புடையன் எத்தனையைப் பார்த்தவன் நான். கூப்பிட்டால் வருகிற பாம்பையும், பால் குடித்து வளர்கிற பாம்பையும் பார்த்ததில்லை. இந்தத் துரை மலையில் ஒருநாள்கூடக் கவ்வாத்து வெட்டியதில்லை போலிருக்கிறது" என்றார்.

அறிவியல் முதியவர் பக்கமே நிற்கிறது. ஆயினும் அன்றிரவு அந்த வீட்டில் அவர் செல்வாக்குச் சற்றுக் குறைந்துபோயிற்று.

இத்தகைய மயக்கம் மாத்தளைக்கு மட்டும் உரியதன்று. தொலைக்காட்சியோடு பிறந்ததும் அன்று. 1893 டிசம்பரில் ஹோம்சை நீர்வீழ்ச்சியில் தள்ளிக் கதையை முடித்தார் கொனன் டொயில். அதைப் பொறாத வாசகர் இருபதாயிரம் பேர் 'ஸ்டிராண்ட்' சஞ்சிகையின் சந்தாவை நிறுத்திவிட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளின் பின்னர் ஆசிரியரே அவரை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. ஹோம்ஸ் வாழ்ந்ததாகக் கதை கூறும் பேக்கர் வீதி 221பி இலக்கத்துக்கு உரிய இடத்தில் 1932 முதல் அமைந்திருந்தது ஒரு வீடமைப்புக் கடன் நிறுவனம். உதவி கேட்டு ஹோம்சுக்கு உலகெங்குமிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவென்றே அந்நிறுவனம் ஒரு செயலாளரை வைத்திருந்தது. ஜெரமி பிரெட்டோ, ஹோம்ஸ் எவ்வாறு உண்பார், எவ்வாறு உட்காருவார், எப்பொழுது சிரிப்பார் என்று கதைகளிலிருந்து பொறுக்கி எடுத்து 77 பக்கக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தார். நடிப்பவரே இவ்வாறாயின் பார்ப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தமிழிலும் இந்த மரபு இளையதன்று. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து, துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்காகக் காத்திருந்தவர்கள் இன்றும் இருக்கின்றனர். தேவனின் துப்பறியும் சாம்புவோ, எதையும் கண்டுபிடிக்கும் ஆற்றல் இல்லாமலே, தற்செயலாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறவர். வீட்டுத் துப்பறியும் நிபுணர்களுள் பெரும்பாலோர் தம்மை ஹோம்ஸ் என்று எண்ணிக்கொண்டு சாம்புவாக வாழ்கின்றனர். சாம்புவுக்கு இருந்த அதிர்ஷ்டமும் அவர்களுக்கு இருப்பதில்லை.

எனினும், இந்தப் பழக்கத்தால் ஒரு நன்மையும் உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளிப் புத்தகத்தைத் தொடாத மகன், தடயம் தேடும் ஆசையால் தன் ஊரைப் பார்க்கத் தொடங்கினான். நாலந்தாவில் உள்ள கல்லாலான 'கெடிகே' என்னும் பழங்கோயிலைத் தந்தையும் மகனும் போய்ப் பார்த்தனர். தென்னிந்தியத் திராவிடக் கட்டட முறையில் அமைந்த பௌத்தக் கட்டடம் அது. யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துக்கு வந்தாரில்லை. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, முழுக் கட்டடத்தையும் கல் கல்லாகக் கழற்றி, மேட்டிலே மீண்டும் பொருத்தினர். பையன் கற்களின் இணைப்புகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். கல்லைப் பார்த்துக் கதை கேட்கும் இந்தப் பொறுமையைத் தந்தது தொடர்தான் என்றால் தொடருக்கு நன்றி சொல்லலாம்.

அதே பையன் கொனன் டொயிலின் வேறு கதைகளையும் தேடினான். 1892இல் அவர் எழுதிய கதையொன்றில் இலங்கைக் கோப்பித் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்ததையும், அந்த இடத்தில் தேயிலையை வளர்த்தெடுத்ததையும் மாபெரும் வீரச்செயல் என்று அந்தக் கதை புகழ்கிறது. பையன் அதைப் படித்துக் காட்டியபோது, சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த முதியவர், "நட்டவர்களைப் பற்றி ஏதும் போட்டிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து, மாத்தளைவரை நடந்து வந்தவர்களுள் எத்தனை பேர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தனர் என்பதைக் கணக்கெடுக்க எந்தத் துப்பறிவாளரும் அனுப்பப்படவில்லை. அந்தப் பாதைதான் இந்த வீட்டு வாசலால் போகின்ற பாதை. முதியவருடைய பாட்டனாரின் தந்தை அதில் வந்தவர்.

வீட்டினுள் நடந்த முதலாவது விசாரணை கித்துள் கருப்பட்டியைப் பற்றியது. ஜாடியில் இருந்த கருப்பட்டி இரவுதோறும் ஒரு துண்டு குறைந்து வந்தது. ஹோம்ஸ் ஒரு கதையில், ஒளிந்திருப்பவரைப் பிடிப்பதற்காகச் சிகரெட்டுச் சாம்பலைக் கம்பளத்தின் மீது கொட்டி அடிச்சுவடு பார்க்கிறார். குடும்பத் தலைவர் அந்த முறையைப் பின்பற்றி, படுக்கப் போகுமுன் சமையலறைத் தரையில் அரிசிமாவைச் சலித்துத் தூவினார். விடியற்காலையில் எழுந்து பார்த்தபொழுது தரை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "எறும்பு வந்துவிட்டது, கழுவிவிட்டேன்" என்றார்.

அந்த மாவிலே சிறிய பாதங்களும், அவற்றின் பக்கத்தில் ஊன்றுகோலின் வட்டமும் பதிந்திருந்தன. நீரிழிவுக்கு மருந்து உண்ணும் மாமியார் இரவில் எழுந்து வருவது மருமகளுக்கு ஆறு மாதமாகத் தெரியும். பெரிய கட்டியைக் கண்டால் கை கேட்காது என்று, அவரே நாள்தோறும் நெல்லிக்காயளவு ஒரு துண்டை உடைத்து மேலே வைத்துவிட்டு, மீதியை அரிசிப் பானைக்குள் மறைத்து வந்திருந்தார். "அத்தை, கருப்பட்டி தின்கிறீர்களா?" என்று ஒருமுறையும் கேட்டதில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறிவது வேறொரு திறமை. ஹோம்சுக்கும் இது தெரியும். நீலமணி திருடியவனைக் கண்டுபிடித்து, அவன் அழுததும் கதவைத் திறந்து போகவிட்டவர் அவர். தொடரைப் பார்க்கும் பலர் இந்த இடத்தில் தேநீர் எடுக்க எழுந்து போய்விடுகின்றனர்.

தொடரின் இயல்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் விடை வந்தே தீரும். வராவிட்டால் கதை இல்லை. வாழ்க்கை அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மேலும் அகழ்ந்தபோது 150க்கும் அதிகமானோரின் எச்சங்கள் கிடைத்தன. அவை 1980களின் பிற்கூறில், கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய கொடுமையும் நிகழ்ந்த காலத்தைச் சேர்ந்தவை என்று முதலில் ஆராய்ந்த நிபுணர் கருதினர். பின்னர் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் காலக்கணிப்பு, அவை 1950க்கு முற்பட்டவை என்றது. ஆணைக்குழு ஒன்றும் அமைந்தது. காணாமற்போன மக்களைத் தேடிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கோ, அங்கே கிடந்தவர் இன்னார் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

கணக்கர் நாள்தோறும் கடைக்குப் போகும்போது அந்த வைத்தியசாலை மதிலைக் கடந்து போகிறவர். 1989இல் அவர் பள்ளிச் சிறுவன். செருப்பில் ஒட்டிய மண்ணிலிருந்து ஊர் சொல்கின்ற அவர், அந்த வளவின் மண்ணைப் பற்றி வீட்டில் ஒருநாளும் ஊகம் கூறியதில்லை. மகன் கேட்டபோதும், "அது வேறு, தம்பி" என்றுமட்டும் சொன்னார்.

எது வேறு என்று தெரிந்திருந்தவர்தாம். ஆயினும் மகளின் தோடு காணாமற்போன அன்று அது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீட்டு வேலைக்கு உதவியாக, மலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. காலையில் முதல் பஸ்ஸில் வந்து, மாலை நான்கு மணிக்குப் போவாள். பாட்டிக்குக் கால் பிடித்துவிடுவாள். மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். ஒற்றைத் தோடு ஒன்று காணவில்லை என்றதும் குடும்பத் தலைவர் பதறவில்லை. எவர்மீதும் குற்றம் சொல்லவுமில்லை. நாற்காலியில் சாய்ந்து, இரு கை விரல்நுனிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவைத்துக்கொண்டு, தொடரில் காண்பது போலவே யோசித்தார். முந்திய நாள் அந்தப் பெண் இரண்டு மணிக்கே போய்விட்டாள். இன்று அவள் காலில் புதுச்செருப்பு. தலை பின்னும்போது காதருகே கை போவது அவளுக்குத்தான். மூன்று புள்ளிகள், ஒரு கோடு.

"நேற்று ஏன் நேரத்தோடு போனாய், பிள்ளை?"

"அம்மாவுக்குக் காய்ச்சல், ஐயா."

"இந்தச் செருப்பு எப்பொழுது வாங்கினது?"

"கொழும்பிலிருந்து தம்பி அனுப்பினான், ஐயா."

"தம்பி எங்கே வேலை செய்கிறான்? என்ன சம்பளம்?"

குரலில் கடுமையில்லை, கேள்விகளில் குறையுமில்லை. தொடரில் பிரபுக்களையும் சீமாட்டிகளையும் இவ்வாறே கேட்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம், வழக்கறிஞரை அழைக்கலாம். இந்தப் பெண் நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பின்னர் சமையலறைக்குப் போய், மீதியிருந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். பாட்டியிடம் சொல்லிக்கொண்டு நான்கு மணிக்குப் புறப்பட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "வரவில்லை, பார்த்தீர்களா?" என்று அதையும் நான்காவது புள்ளியாகச் சேர்த்துக்கொண்டார் குடும்பத் தலைவர்.

மூன்றாம் நாள், துவைப்பதற்காகத் தலையணை உறையை உதறிய மனைவியின் காலடியில் தோடு விழுந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய், கணவருடைய கணக்குப் புத்தகத்தின் மீது வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அந்த வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பஸ் ஏறி மலைக்குப் போனார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல் ஏற்றம். பெண்ணின் தாய் வாசலிலேயே கண்டு, "வாங்கய்யா, வாங்கம்மா" என்று பாயை விரித்தார். காய்ச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மகள் உள்ளேயிருந்து வரவில்லை. வெறுந்தேநீரும், ஒரு தட்டில் சீனியும் வந்தன. மழையைப் பற்றியும், கொழுந்து குறைந்ததைப் பற்றியும், பஸ் கட்டணத்தைப் பற்றியும் பேச்சு நடந்தது. தோடு அகப்பட்டுவிட்டது என்று மனைவி சொன்னார். "நல்லதும்மா. பிள்ளையின் பொருளல்லவா" என்றார் தாய். மகள் அடுத்த மாதம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்றும் சொன்னார்.

குடும்பத் தலைவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தை இருந்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும்வரை அது வாய்க்கு வரவில்லை. எழுந்தபோது, உள்ளே இருந்த இருட்டைப் பார்த்து, "பிள்ளை, என்மேல்தான் பிழை" என்றார். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் நகர்ந்த ஓசை கேட்டது. வேறு மறுமொழி வரவில்லை.

வாசற்படியோரம் அந்தப் புதுச்செருப்பு சோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பாராமல், தம் செருப்பை மட்டும் தேடி மாட்டிக்கொண்டு இறங்கினார்.